கறுப்பு இலைக்கு ஜாமீன்

திண்டிவனம் கோர்ட்டு வட்டாரத்தில் கோதண்டபாணி என்ற பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் வீட்டில் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கட்டிய பெண்டாட்டி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வாளா? ஐம்பத்தோராம் வருஷம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர், வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். தையல்நாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் வில் வைத்திருப்பாரே, அந்தச் சாமி பெயர் என்றாள். வந்தவர் ராமன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சர்க்கார் கணக்கில் தான் இந்த வீட்டில் குடியில்லை என்று கோதண்டபாணி ஒரு வாரம் புலம்பினார்.

அவர் வக்கீல் குமாஸ்தா. இருபத்தெட்டு வருஷமாக ஒரே வக்கீலுக்குக் கேஸ் கட்டுத் தூக்குகிறவர். ஜாமீன் மனு எழுதுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று எதிர்த்தரப்புக் குமாஸ்தாக்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் இருபத்தெட்டு வருஷத்தில் வக்கீல் அவரை ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்லை. அந்தக் குறை அவருக்குள் நீறு பூத்துக் கிடந்தது.

வீட்டுப் பேச்சு முழுவதும் தையல்நாயகியுடையது. திருவாமாத்தூர்க்காரி. சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்கிற ஊர் அது. அந்த ஊர் ஜனங்களுக்குச் சொன்ன சொல் சொன்னதுதான். அதற்காக அவள் அளந்து பேசினாள் என்று நினைக்க வேண்டாம். காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு தொடங்கினால் படுக்கப் போகும்வரை பேசுவாள். கோழியோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், கேட்க ஆள் இல்லாவிட்டால் உரலோடும் பேசுவாள். கோதண்டபாணி பாதியைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. எந்தப் புருஷன்தான் போட்டுக்கொண்டான்?

ஐம்பத்தைந்தில் வக்கீல் ஒரு பத்திரம் விஷயமாக அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். அவர் போன வீட்டில் மேஜை நாற்காலியெல்லாம் விலைபேசி எடுத்துப்போயாகிவிட்டது. தோட்டக்காரர் சவுரிராயன் மட்டும் பின்தாழ்வாரத்தில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். செடிகளைக் கேட்பாரில்லை, பிடித்ததை எடுத்துப் போகலாம் என்றார்.

எல்லாம் பிலோடெண்ட்ரான் என்கிற ஒரே சாதிக் கொடிகள் என்று அவரே சொன்னார். ஒன்றுக்கு இலை முறம் அகலம், காம்பு நல்ல சிவப்பு. இன்னொன்றின் இலை சீப்புப்போலக் கிழிந்து கிழிந்து தொங்கியது. மூன்றாவது, சுவர் மூலையில் மூன்றே இலையோடு நின்றது. அந்த இலைகள் கறுப்பு. குனிந்து பார்த்தால் கறுப்பும் இல்லை, அடியில் பச்சை ஓடியது. நரம்புகள் வெள்ளை. வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது இலை முழுக்கப் பொன்தூள் மினுங்கியது. தொட்டால் வெல்வெட்டுத் துணி. கோதண்டபாணிக்கு அதை விட்டுக் கண் நகரவில்லை.

செடி வாங்குகிறவன் இலையைப் பார்த்து ஏமாறக்கூடாது, கணுவைப் பார்க்க வேண்டும் என்றார் சவுரிராயன். சிவப்புக் காம்புக்காரிக்குக் கணுவுக்குக் கணு வேர் நுனி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பிழைக்கிற செடி. கறுப்புக்குக் கணுவெல்லாம் காய்ந்து கிடந்தது.

"வேற எத வேணா எடுத்துக்கினு போங்க சார். இது இலை உட்டு ரெண்டு வருசம் ஆவுது. இந்த ஊட்டு மதாம் இதுங்கூடவே பேசிக்கினு இருப்பாங்க. இல மேல இலயா வரும். கடைசில அவங்களுக்குப் பேச்சே நின்னுபூட்ச்சி. கப்பலேறறப்ப தலையத்தான் ஆட்டினாங்க."

பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம், யாருக்குத்தான் பேச்சு வரும் என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார். கறுப்பையே எடுத்துக்கொண்டார். சவுரிராயன் பெருமூச்சு விட்டுவிட்டு வளர்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். வெயில் நேராகப் படக்கூடாது, ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் தண்ணீர். மண்ணில் கரித்துண்டும் செங்கல் பொடியும் இலைமக்கும் கலந்திருக்க வேண்டும். தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்று நட்டு அதை ஈரமாக வைத்திருந்தால் வேர் அதைப் பிடித்து ஏறும். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைக்க வேண்டும்.

பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கிளியனூரில் ஏறிய கிழவர் ஒருவர் அது எந்த வியாதிக்கு மருந்து என்று கேட்டார். கோதண்டபாணி தொட்டியை இன்னும் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

செடியை வீட்டுக்குள்ளே வைப்பதா என்று தையல்நாயகி முதலில் சண்டை பிடித்தாள். அதுவும் கறுப்பு இலை. பிறகு, அவள் சுபாவப்படி, நாலாம் நாளே கூடத்து மூலையில் அதன் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கோதண்டபாணி சொன்னது எதையும் விடாமல் செய்தார். நார் சுற்றினார், கரி போட்டார், விரல் விட்டுப் பார்த்தார். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயின. மூன்று இலை மூன்று இலையாகவே நின்றது.

பால் கொண்டுவரும் காசியம்மாள்தான் வழி சொன்னாள். காய்க்காத மரத்தை மிரட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஒருவர் கத்தியை ஓங்கிக்கொண்டு, காய்க்காத மரம் எதற்கு, வெட்டிப்போடுகிறேன் என்பார். இன்னொருவர் குறுக்கே வந்து, வேண்டாம் விட்டுவிடு, அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். இந்த வீட்டுக் கொல்லை நாரத்தைகூட அப்படி மிரட்டிய பிறகு காய்த்ததுதான். செடிக்கும் செய்து பாருங்களேன் என்றாள் காசியம்மாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டபாணி கொடுவாளை எடுத்துக்கொண்டு செடி முன் நின்றார். அவருக்கே சிரிப்பாக இருந்தது. இலை விடாத கழுதை எதற்கு, இன்றைக்கு உன் கதை முடிந்தது என்று கத்தியை ஓங்கினார். தையல்நாயகி குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க. இனிமே இல உடும்."

"யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

அதோடு விட்டிருக்கலாம். வழக்கத்துக்கு அது போதும். ஆனால் கோர்ட்டு நாக்கு சும்மா இருக்குமா? ஜாமீன் கொடுக்கிற ஆளை முறைப்படி கூப்பிட வேண்டாமா என்று, கத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு, கோர்ட் சேவகன் வாசலில் நின்று கூவுகிற அதே ராகத்தில் கூவினார். தையல்நாயகி, தையல்நாயகி, தையல்நாயகி. மூன்றாவது கூப்பாட்டுக்கு அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, இருக்கேங்க என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை உச்சிக் கணுவில் ரோஸ் நிறத்தில் ஓர் உறை விடைத்துக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் உறை பிரிந்து புது இலை வந்தது. பழைய இலைகளைவிட ஒரு சாண் நீளம். நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. கோதண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாப்பாட்டில் குழம்பு சப்பென்று இருந்தது. தையல்நாயகி பரிமாறிவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அது போட மறந்துட்டேன். அதாங்க, வெள்ளையா இருக்கும், கொழம்புல போடுவாங்களே."

"உப்பா?"

அதேதான் என்று தலையாட்டினாள். சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. வயசாகிறது என்று அவர் கேலி செய்தார். அவளும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

அந்த வாரம் அவர் ஈரத்துணியால் புது இலையைத் துடைத்தார். துணி நரம்போரமாக நகர்ந்தபோது காதருகே யாரோ மெதுவாக, உப்பு என்றார்கள். தையல்நாயகியின் குரல். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கிணற்றடியில் இருந்தாள், வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி துடைத்தார். மறுபடி, உப்பு. அவருக்கு முதுகெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அன்று சாயங்காலம் வக்கீல் அந்த இலையைப் பார்க்க வருவதாக இருந்தது. வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் செடியையே பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்ற குமாஸ்தாவைப் பார்த்து, நீயும் உட்காரய்யா என்றார். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு சொல் கிடைத்த மனுஷருக்கு, பெண்டாட்டி தொலைத்த ஒரு சொல் எம்மாத்திரம்?

அடுத்த இலை அதைவிடப் பெரிது. அது விரிந்த அன்று அவளுக்கு அடுக்களைச் சாமான்களின் பெயரெல்லாம் போயிற்று. மூன்றாவது இலையோடு கிழமைகளும் மாதங்களும் போயின. இலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வாரிக்கொண்டு போயிற்று. முதலில் கண்டுபிடித்தது அவள்தான். ஒருநாள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அது வந்தா, எனக்குப் போவுது. நான்தான பொறுப்புன்னேன். அதாங்க எட்த்துக்கினு போவுது."

பைத்தியமா உனக்கு என்றார் கோதண்டபாணி. சொல்லும்போதே தன் குரல் பொய்யாக ஒலித்தது அவருக்குக் கேட்டது. மனசாட்சி உறுத்தியதால் அவளை ரயிலில் விழுப்புரத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் டார்ச் அடித்து நாக்கையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, பலவீனம் என்று டானிக் எழுதிக்கொடுத்தார். திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடுகிற வேர்க்கடலைக் கொல்லையையும் பனைமரத்தையும் மாட்டையும் விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் இந்த அமைதிக்கு ஏங்கியிருக்கிறார். இப்போது கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. பிற்பகலில் காற்றே இல்லாத நேரத்தில், மூலையில் இலைகள் ஒன்றோடொன்று உரசி முணுமுணுத்தன. செவ்வாய், புதன், கரண்டி, அரிவாள்மணை. எல்லாம் அவள் குரல். அவள் செடிக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஆறாவது இலை விரிந்த அன்று மகள் அஞ்சம்மாள் கோலியனூரிலிருந்து வந்தாள். ஏழு மாதம். பிரசவம் முடியும்வரை அம்மா வீட்டில் இருக்கலாம் என்று மூட்டை முடிச்சோடு வந்திருந்தாள். தையல்நாயகி ஓடிப்போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"இன்னாம்மா? என் பேர சொல்லு."

கூடத்து மூலையிலிருந்து, அஞ்சம்மா, வந்துட்டியா கண்ணு என்று அம்மாவின் குரல் கேட்டது. அம்மாவின் உதடு மூடியே இருந்தது. அஞ்சம்மாள் மெதுவாக மூலைப்பக்கம் திரும்பினாள். பிறகு வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"நைனா, அம்மா அந்த மூலையிலதான் இருக்காங்க. இங்க நான் புள்ள பெத்துக்க மாட்டேன்."

அன்றே அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கோதண்டபாணி தெருவென்றும் பாராமல் அழுதார். வக்கீல் உட்காரச் சொன்ன சொல்லுக்காகப் பெண்டாட்டியை விற்றுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை நிஜமாகவே கத்தியை எடுத்தார். எடுத்தவுடன் அடியோடு வெட்டப் பயமாக இருந்தது. முதல் புது இலையை மட்டும் காம்போடு நறுக்கினார். காம்பிலிருந்து தண்ணீராக வடிந்தது. அடுக்களைக்கு ஓடிப்போய் ஜாடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இதுவரை பெயர்தான் தெரியாமல் இருந்தது, பொருள் தெரியும், குழம்பில் போடுவாள். இப்போது அவள் அதை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நாக்கில் வைத்தாள். முகம் மாறவே இல்லை. பிறகு தூசியை ஊதுவதுபோல ஊதிவிட்டாள். தரையில் கிடந்த இலையைத் துடைத்துப் பார்த்தார். அது பேசவில்லை.

கோதண்டபாணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செடியை வெட்டினால் உள்ளே இருக்கிற அத்தனையும் அதோடு செத்துப்போகும். வெட்டாவிட்டால் மிச்சமும் போகும். இருபத்தெட்டு வருஷமாக மனு எழுதிய அவர் மூளை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஜாமீன் கொடுத்த ஆள் பத்திரத்தைக் கிழித்துப் போட்டால் பொறுப்பு நீங்குமா? நீங்காது. அதற்கு வழி ஒன்றுதான். பழைய ஆளை விடுவிக்கப் புது ஆள் வந்து நிற்க வேண்டும், கூப்பிட்டால் ஆஜராக வேண்டும். இந்த மாதிரி மனு எத்தனை நூறு எழுதியிருக்கிறார்.

யோசிக்க ஒன்றும் இல்லை. புது ஆள் அவர்தான். அவளுக்குச் சொல்லத்தான் வராது, கேட்டால் புரியும். எதிரே உட்காரவைத்து விளக்கினார். கத்தியை அவள் கையில் கொடுத்து ஓங்கச் சொன்னார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கத்திக்கும் செடிக்கும் நடுவே வந்து நின்றார்.

அப்போதுதான் அவர் தலையில் இடி விழுந்தது. மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே. அவளிடம் சொல் ஏது? நேற்று மகள் பெயரும் போனபின் அவளிடம் எதுவுமே மிச்சமில்லை. தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள எந்தக் கோர்ட்டும் ஒப்பாது. காசியம்மாளைக் கூட்டிவரலாம் என்று வாசலுக்கு நடந்தார்.

"கோதண்டபாணி."

அவர் கால் அப்படியே நின்றது. அந்தக் குரல் மூலையிலிருந்து வரவில்லை. கத்தியை ஓங்கியபடி நின்ற தையல்நாயகியின் வாயிலிருந்து வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூட வெளியே எடுக்காமல் பூட்டி வைத்திருந்த சொல். அவள் பேசிய சொற்களைத்தானே செடி எடுத்துக்கொண்டது? பேசாத இது அதன் கைக்குச் சிக்கவில்லை.

"கோதண்டபாணி."

வெட்கத்தில் அவள் முகம் சிவந்துபோயிருந்தது. கல்யாணப் பந்தலில்கூட அவர் அந்தச் சிவப்பைப் பார்த்ததில்லை. இலைகள் சலசலவென்று ஆடின. எல்லா இலையும் ஒரே நேரத்தில் அவள் குரலில் முணுமுணுத்தன. அவள் அதற்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"கோதண்டபாணி."

"இருக்கேன். வெட்டாத தையலு. இனிமே நான் பொறுப்பு."

இலைகள் அடங்கின. அவள் கத்தியைக் கீழே போட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அஞ்சம்மாளின் பெயர் வந்தது. வராது என்று கைவிட்ட கடன் திரும்பி வந்ததைப்போல அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாளுக்கு ஒரு இலையாக முணுமுணுப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கிழமை வந்தது, கரண்டி வந்தது, கோழியைத் திட்டுகிற வசவு வந்தது. எட்டாம் நாள் அவள் விடியற்காலை கோலமாவுக் கிண்ணத்தோடு ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கோதண்டபாணி கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு சொல் விடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் வாழ்நாளில் இருந்ததில்லை. மகளை அழைத்துவர மறுநாளே கோலியனூர் போவதென்று முடிவாயிற்று.

ஒன்பதாம் நாள் காலை உச்சிக் கணுவில் ரோஸ் உறை பிரிந்து ஒரு இலை விரிந்திருந்தது. சின்ன இலை. அவர் அதைப் பார்த்தார், பார்க்காதவர்போலச் சாப்பிட உட்கார்ந்தார். தையல்நாயகி பேசிக்கொண்டே குழம்பை ஊற்றினாள். அவர் ஒரு வாய் வைத்தார். அவளும் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு யோசனையோடு நின்றாள்.

"இன்னாவோ கொறையுதுங்க கொழம்புல. எல்லாம் போட்டேன். இன்னாது அது?"

கோதண்டபாணிக்குத் தெரியும். அலமாரியில் ஜாடி இருக்கிறது. வெள்ளையாக இருக்கும். அவர் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தைத் தேடியது. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலையிலிருந்து புது இலை, உப்பு என்றது. அவர் குரலில்.